பொம்மைப் பெரட்டு

கேத்தலில் தண்ணீர் கொதிக்கக் காத்து நின்ற சுபாஜினியின் முழங்கால்கள் மடிந்து மடிந்து நிமிர்ந்தன. மிகச் சிறிய அசைவு. கைக்குழந்தையை வைத்திருந்து பழகியவள் தன்னை அறியாமல் ஆடுவதைப் போல என்றுதான் கந்தப்பன் முதலில் நினைத்தார். ஆனால் அப்படி ஆடுகிற உடம்பு இடையில் நிற்கும், கால் மாற்றும், சோர்ந்துபோகும். அடுப்படி வாசலில் நின்று அவர் கவனித்துப் பார்த்தார். ஒவ்வொரு இறக்கமும் ஒரே அளவு, ஒவ்வொரு ஏற்றமும் ஒரே அளவு. முதுகில் பின்னல் மேலே போய்க் கீழே வந்தது. கேத்தல் டக்கென்று அணைந்தது. அவள் நிற்கவில்லை.

"சுபா, குளிருதா?"

"இல்லப்பா. ஏன்?"

"ஆடிக்கிட்டு நிக்கிறியே."

"நானா?" திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "சும்மாதானே நிக்கிறேன்."

அதைச் சொல்லும்போதும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள்.

அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்குகிற தெருவுக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில், அவர் தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது. நாற்பது வருடம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடிகாலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்பியவர். அவர் வாசலுக்குப் பொலிஸ் வந்ததில்லை. பேயோட்டக் கோடாங்கி உடுக்கையோடு வந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அப்படியாம் இப்படியாம் என்று தொழிலாளர் லயத்தில் ஒரு வாய் பேசியதில்லை. அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் அவர் மகள். கொழும்பில் ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலை பார்த்தாள். கம்பெனி மூடப்பட்டு வீடு திரும்பி எட்டு மாதம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெமோதரையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் கணித ஆசிரியர். நல்ல குடும்பம்.

அன்று புதன்கிழமை.

அவள் அறையிலிருந்து நாள் முழுவதும் ஒரு சத்தம் வந்தது. தேய்ந்த இசைத்தட்டில் ஊசி உரசுகிற கரகரப்பு, அதற்குள் ஊதுகுழல்களின் பழங்காலக் கும்மாளம், நடுவில் எலி கீச்சிடுவதைப் போன்ற ஒரு சிரிப்பு. அந்த லெப்டொப் கேமை அவள் இரண்டு மாதமாக விளையாடுகிறாள். ஒரு நாள், என்னதான் இருக்கிறது இதில் என்று கண்டுபிடிக்கவே கந்தப்பன் கதிரையை இழுத்துப்போட்டு அவளருகில் உட்கார்ந்தார்.

நூறு வருடத்துக்கு முந்திய கேலிச்சித்திரப் படத்தைப் போல எல்லாம் கறுப்பு வெள்ளை. திரையில் கோடுகள் ஓடின, தூசி பறந்தது, மூலைகள் இருட்டியிருந்தன. எலும்பில்லாத கைகால்கள் ரப்பர்க் குழாயாய் வளைய, உருண்டைத் தலையும், மூன்று கறுப்புக் கோடு போட்ட நாலுவிரல் வெள்ளைக் கையுறையுமாக ஒரு பொம்மை மலையில் ஏறிக்கொண்டிருந்தது. மரங்கள் கிளையால் அறைந்தன. மேகங்கள் துப்பின. வாளிகள் பல்லைக் காட்டிக்கொண்டு உருண்டு வந்தன. உச்சியில் பெரிய தொப்பியும் விசிலுமாக ஒரு துரை. அடிக்கிறவனும் அடிபடுகிறவனும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த உலகத்தில் எதுவும் சும்மா நிற்கவில்லை. மரம், மேகம், மலை எல்லாம் பாட்டின் தாளத்துக்கு மடிந்து மடிந்து நிமிர்ந்தன.

பொம்மை அடிபட்டதும் புகையாக வெடித்தது. மறு கணம் அது மலையடிவாரத்தில் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே தோற்ற பொம்மைகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றன. நூற்றுக்கணக்கில்.

"இத்தன தடவ தோத்திருக்க. வெக்கமா இல்லியா?"

"இதுல என்னப்பா வெக்கம்? இது ஏமாத்தாது. அடிக்கப்போறத முன்கூட்டியே காட்டிரும். நல்லாப் பாத்தா தெரியும். பாக்காம விட்டா அது என் தப்பு. அடுத்த தடவ ஒரு அடி கூடப் போவேன்." விசைகளின்மேல் அவள் விரல்கள் ஓயவில்லை. "கொழும்புல அப்படியா? நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு யாராச்சும் சொன்னாங்களா? ஒரு நாள் காலைல போனா கதவு பூட்டிக் கெடந்திச்சு."

அவர் கதிரையை இன்னும் சற்று முன்னுக்கு இழுத்தார்.

"படத்தப் பாருங்கப்பா. ஒவ்வொரு அசைவும் கையால வரைஞ்சது. கண்ண ஒருக்கா மூடித் தொறக்கவே ஆறு படம். இவ்வளவு மெனக்கெட்டு வரைஞ்சவன் சும்மா விட்டுருவானா நம்மள?"

"இடது பக்கம் பாரு, வாளி வருது!" என்று கந்தப்பனே கத்தினார். கத்தியபின்தான் மனைவி நல்லம்மா வைத்துவிட்டுப்போன தேநீர் ஆறிக் கிடப்பதையும், ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போயிருப்பதையும் பார்த்தார். மூன்று மணித்தியாலம் போயிருந்தது. நாற்பது வருடத்தில் அவர் நேரத்தைத் தவறவிட்டதில்லை. அதன்பிறகு அந்த அறைக்குள் அவர் போகவில்லை.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அங்கம்மா வேலியோரம் வந்து நின்றாள். கொழுந்து பறித்து ஓய்ந்த கிழவி.

"கணக்கப்புள்ள ஐயா, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. நேத்து ஒங்க பாப்பா பீலியடியில தண்ணி புடிக்க நின்னிச்சு. வாளி நெறைஞ்சு தண்ணி ஓடுது, அது பாட்டுக்கு ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்கிற மாதிரி ஆடிக்கிட்டு நிக்கிது. நான் கூப்புட்டேன். திரும்பிச்சு. மொகம் பூரா சிரிப்பு. என் வாளியக்கூட எடுக்காம வந்துட்டேன். கோடாங்கிகிட்ட ஒருக்கா காட்டிருவோமுங்க. காதுங்காதும் வச்ச மாதிரி நான் கூட்டிப்போறேன்."

"அங்கம்மா, பெரட்டுல எத்தன வருஷம் என் முன்னுக்கு நின்ன?"

"இருவத்தேழு."

"அப்ப தெரிஞ்சிருக்கணும், என் வீட்டுக் கதைய என்கிட்டப் பேசப்படாதுன்னு."

"அந்தப் பெரட்டெல்லாம் முடிஞ்சுபோச்சுங்கய்யா," என்றாள் அங்கம்மா. "இப்ப நான் நிக்கிறது என் வேலியோரம்."

நல்லம்மாவும் கவனித்திருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். "பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமுங்க. நரம்புக் கோளாறா இருக்கும்."

"அங்க தெரிஞ்ச மொகம் ஒண்ணு பாத்துட்டா? தெமோதரைக்குச் சேதி போக எவ்வளவு நேரமாகும்? பொண்ணுக்கு நரம்பு வியாதின்னு ஒரு சொல் கெளம்பிட்டா யாரு வந்து நிப்பா? ஞாயித்துக்கெழம போகட்டும். திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்."

"பெத்த புள்ளையவிட ஞாயித்துக்கெழம பெருசாப் போச்சு ஒங்களுக்கு."

"குடும்பத்துப் பேரு பெருசு. அதுதான் அவளுக்கும் நல்லது."

சொன்னாரே தவிர அன்றிரவு அவர் தூங்கவில்லை. சுவருக்கு அப்பால் ஊசி உரசிக்கொண்டே இருந்தது.

வெள்ளி மாலை அவள் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த மணம் அவர் வீட்டு மணமாக இல்லை. பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததும் வருகிற பழைய காகித வாடை, அதோடு சூடேறிய மெழுகின் வாடை. சுபாஜினி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தும் ஏறி இறங்கினாள். அவள் தோளுக்கு மேலால் அவர் திரையைப் பார்த்தார். மலையைப் பார்க்கவில்லை, அடிவாரத்தைப் பார்த்தார். அங்கே வரிசை முன்பிருந்ததைவிட நீண்டு, திரையின் ஓரத்தைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

பொம்மைகள் எல்லாம் வலது கையை மடக்கி இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

அது சுபாஜினி நிற்கிற விதம். ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் அழாமல் நின்றபோதும் அப்படித்தான் நின்றாள். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்திலும் அப்படித்தான் நிற்கிறாள். உலகத்தில் வேறு யாரும் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை.

"சுபா. போதும். அத நிப்பாட்டு."

"நாளைக்கு முடிச்சிருவேன்ப்பா. இன்னும் மூணே படிதான்." அவள் திரும்பவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவள் குரலில் ஏதோ உரசியது. "ஜெயிச்சிட்டா அது என்னய விட்டுரும்."

சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பள்ளத்திலிருந்து ஏறி வந்து முதலில் தெருவை மூடியது, பிறகு தேயிலையை, பிறகு அங்கம்மாவின் வேலியை. ஜன்னல் கண்ணாடிகள் வெளுத்தன. நல்லம்மா மறுநாளைக்குச் சாமான் வாங்க ஹல்துமுல்லைக்குப் போயிருந்தாள். கந்தப்பன் முன்னறையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், உள்ளிருந்து வருகிற கும்மாளத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குச் சற்று முன்னே அது நின்றது.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வீடு அமைதியாக இருந்தது. கூரைத்தகரத்திலிருந்து பனிநீர் சொட்டுவது கேட்டது.

எழுந்து போனார். சுபாஜினி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். மேசையிலிருந்து எழுந்து வந்து அப்படியே விழுந்தவளைப் போல, ஒரு செருப்பு காலிலேயே இருந்தது. அரக்கு நிறச் சுடிதார். கலைந்த தலை. நெஞ்சு மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. வேறு அசைவில்லை. கால் அசையவில்லை, கை அசையவில்லை. கந்தப்பனுக்குக் கண் கலங்கியது. போர்வையை இழுத்து மூடிவிட்டார். தூங்கட்டும். எல்லாம் தூக்கக் கேடுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும்.

லெப்டொப்பை அணைக்கத் திரும்பினார்.

மலையில் பொம்மை இல்லை. மரங்கள் நின்றிருந்தன. மேகங்கள் நின்றிருந்தன. அந்த உலகத்தில் முதல் தடவையாக எதுவும் ஆடவில்லை. உச்சியிலிருந்து துரை இறங்கி வந்துகொண்டிருந்தார். குழாய்க் கால்கள் வளைய வளைய, ஒரு படி, ஒரு படி. அடிவாரத்துக்கு வந்து வரிசைக்கு முன்னால் நின்றார். விசிலை ஊதினார். சத்தம் லெப்டொப்பிலிருந்து வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, பனிக்குள்ளிருந்து வந்தது.

கந்தப்பனின் முதுகு தானாக நிமிர்ந்தது.

துரை ஒரு நீளப் புத்தகத்தை விரித்தார். பெயர் கூப்பிட்டார். கரகரத்த குரல், தமிழ்க் குரல். அவருக்குத் தெரியாத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பெயர், கை. பெயர், கை. நாற்பது வருடம் அவர் நடத்திய அதே ஒழுங்கு. அதே வேகம்.

"கந்தப்பன் மகள் சுபாஜினி."

கை உயரவில்லை. வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது.

"கந்தப்பன் மகள் சுபாஜினி."

கட்டிலில் அவள் அசையவில்லை. வரிசையில் நின்ற தலைகள் எல்லாம் திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒன்றாக. அத்தனை சிரிப்பும் கந்தப்பனைப் பார்த்தது.

பெரட்டில் மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம். மூன்றாம் தடவையும் குரல் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்; பிந்தி வந்தாலும் ஆளை லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரிசை முழுக்கப் பார்க்கப் பெயர் வெட்டுப்படுவது அந்த வீட்டுக்கே அவமானம். மகள் காய்ச்சலில் கிடந்தால் தகப்பன் குரல் கொடுப்பான். கணக்கப்பிள்ளை தெரியாததுபோல் பேனாவை ஓட்டிவிடுவார். அவரே எத்தனையோ தகப்பன்மாருக்காக ஓட்டியிருக்கிறார்.

துரை பேனாவை உயர்த்தினார். வெட்டப் போகிறார். கந்தப்பனின் குடும்பத்துப் பெயரை. இத்தனை பேர் பார்க்க.

"கந்தப்பன் மகள் சுபாஜினி."

"வந்திருக்குங்க, ஐயா."

சொன்னது அவர் வாய்தான். சொல்லி முடித்தபின்தான் புத்தி எட்டியது. பேசாமல் இருந்திருக்க வேண்டும். பேசாமல் இருந்திருந்தால் வெட்டியிருப்பார்கள். அவளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

துரை புத்தகத்தில் ஒரு கோடு போட்டார். சிரித்தார். திரை கறுத்தது.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"அப்பா." பளிச்சென்ற குரல். "பசிக்குது. சாப்பாடு இருக்கா?"

சுபாஜினி எழுந்து நின்றாள். முகம் கழுவியதுபோல் தெளிவாக இருந்தது. அதன்பின் அவள் அந்த மேசைப்பக்கம் போகவில்லை. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கடையிலிருந்து திரும்பிய தாய்க்கு உளுந்து ஆட்டிக் கொடுத்தாள். பூசையறையில் விளக்கு வைத்தாள். "பாத்தீங்களா, முனியாண்டி கண்ணத் தொறந்துட்டாரு," என்று நல்லம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கந்தப்பன் லெப்டொப்பை மூடி, வயரைச் சுற்றி, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மகளின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வான் வந்தது. கிருஷ்ணராஜ், அவன் தாய் ஜீவராணி, உறவினர் நாலைந்து பேர். வெயில் நன்றாக அடித்தது. முன்னறை நிறைந்து ஊதுபத்தியும் பூவும் வடை வாசமுமாக இருந்தது.

"மலை ஏறி வந்தது வீண் போகல்ல," என்றாள் ஜீவராணி. "வீடு எவ்வளவு சுத்தம்! எங்க வீட்டு ஐயாவுக்கு வேட்டிய மடிக்கச் சொன்னாலே மூச்சு வாங்கும்." எல்லாரும் சிரித்தார்கள்.

சுபாஜினி தேநீர்த் தட்டோடு வந்தாள். மஞ்சள் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. வரிசையாக ஒவ்வொருவருக்கும் குனிந்து நீட்டினாள். கிருஷ்ணராஜ் வெட்கத்தோடு கோப்பையை எடுத்தான். கடைசியில் தகப்பனிடம் வந்தாள்.

கந்தப்பன் தட்டைப் பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்.

பெருவிரல். அதன்பின் மூன்று விரல்.

மற்றக் கை. பெருவிரல். மூன்று.

சுண்டுவிரலை வெட்டிய தழும்பு எதுவும் இல்லை. அந்த விரல் இருந்த இடமே இல்லை. தோல் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. புறங்கையில் மூன்று கறுப்புக் கோடுகள்.

"எடுங்கப்பா," என்றாள் சிரித்துக்கொண்டு. தட்டு இறங்கி ஏறியது. இறங்கி ஏறியது. கோப்பைகள் ஒரே தாளத்தில் கிணுகிணுத்தன. கிருஷ்ணராஜின் பாதம் தரையில் அந்தத் தாளத்தைத் தட்ட ஆரம்பித்திருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

"பதமான பொண்ணு," என்றாள் ஜீவராணி. "எங்களுக்குச் சம்மதம் அண்ணே. நாள் பாத்துருவோம்."

அப்போதுதான் கேட்டது. உள்ளறையில். ஊசி உரசுகிற சத்தம்.

"ஒரு நிமிசம்," என்று எழுந்தார். நேராக நடந்தார். யாரும் எதையும் நினைத்துவிடாதபடி மெதுவாக நடந்தார். அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். சேலைகளுக்கு அடியில், மூடிய லெப்டொப்பின் விளிம்புகளில் வெளிச்சம். வெளியே எடுத்து மேசையில் வைத்தார். திறந்தார்.

வரிசை. கறுப்பு வெள்ளை. எல்லாத் தலைகளும் ஆடிக்கொண்டிருந்தன.

ஒன்றைத் தவிர.

அரக்கு நிறச் சுடிதார். கலைந்த தலை. ஒரு காலில் மட்டும் செருப்பு. அவள் சிரிக்கவில்லை. வரிசையிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னுக்கு ஓடி வந்தாள். பெரிதானாள். கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்தாள். பத்து விரல். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வரத் தேவையுமில்லை. அந்த வாய் முதன்முதலில் சொல்லக் கற்ற சொல் அது. அவர் பார்த்திருக்கிறார்.

அப்பா.

அப்பா. அப்பா.

அவளுக்குப் பின்னால் துரை திரும்பினார். விசிலை வாயில் வைத்தார்.

"அண்ணே?" வாசலில் ஜீவராணியின் வளையல் சத்தம். "என்ன அது பாட்டுச் சத்தம்? பாப்பாவோட கேமா? எங்க கிருஷ்ணராஜுக்கும் இதுல பைத்தியந்தான். காட்டுங்களேன், பாப்போம்."

முன்னறையில் எல்லாரும் சிரிக்கிற சத்தம். நல்லம்மாவின் சிரிப்பும் அதில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை.

கந்தப்பன் திரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார். "பழைய பொட்டி. பழுதாப் போச்சு."

மூடினார்.

மூடியின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அடியிலிருந்து உள்ளங்கையில் தட்டியது. சிறிய தட்டல். அவசரமாக, கண்டபடி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து.

"சரி, வாங்க அண்ணே. தாம்பூலம் மாத்திருவோம்."

"வந்துட்டேங்க."

கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினார். தட்டல் நிற்கும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. அவசரம்தான் குறைந்தது. இடைவெளிகள் சமமாகின. ஒன்று. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. முன்னறைச் சிரிப்போடு இசைந்து, பிசகாமல், அவர் உள்ளங்கைக்குள்.

வாசலில் நின்ற ஜீவராணியைப் பார்த்து, முதுகை நிமிர்த்தி, கந்தப்பன் சிரித்துக்கொண்டே நின்றார்.